பிரிஜித்தா நட்ட லில்லி

அந்தப் பையில காலு படாம பாத்துக்கங்க தம்பி. அதுல இருக்கிறது சாட்சி.

என்ன சாட்சின்னுதானே முழிக்கறீங்க? சொல்றேன். எப்படியும் வண்டி இப்போதைக்கு நகராது. இந்த வளைவுல ஆனை நின்னா நின்னதுதான், அதுக்கா மனசு வந்து காட்டுக்குள்ள இறங்கணும். டிரைவர் ஹாரன் அடிக்காம இருந்தா சரி. கோத்தகிரியில ஏறும்போதே பாத்தேன், அவன் முகமே சரியில்ல, வீட்ல சண்டை போட்டுட்டு வந்திருப்பான்.

நீங்க மேட்டுப்பாளையமா? எந்தப் பக்கம்? கோயில் பக்கமா, மார்க்கெட் பக்கமா? அங்க பிரிஜித்தான்னு ஒருத்தி இருக்கா, தெரியுமா? தெரியாதா? அப்ப ஏன் முகத்தை அந்தப் பக்கம் திருப்புனீங்க? ஓ, ஆனையைப் பாத்தீங்களா. சரி சரி. தப்பா எடுத்துக்காதீங்க, யாரையும் நம்ப முடியறதில்ல இப்பல்லாம். எங்க கல்லறைத் தோட்டத்து வாட்ச்மேன் தொம்மையையே நான் நம்பறதில்ல. ஞாயித்துக்கிழமை பூசைக்கு வர்றவன், அவனையே நம்பறதில்ல.

என் பேரு அமலோற்பவம். என் வீட்டுக்காரரு இன்னாசி. கோத்தகிரியில லில்லி இன்னாசின்னா பஸ் ஸ்டாண்டுல யாரும் சொல்லுவாங்க. சொல்லுவாங்க என்ன, சொல்லிட்டிருந்தாங்க. போயிட்டாரு. ரெண்டு வருஷமாகப் போகுது. 

லில்லின்னா எந்த லில்லின்னு தெரியுமா உங்களுக்கு? குளத்துல கிடக்கிறது இல்ல. காலா லில்லின்னு புத்தகத்துல பேரு, நாங்க லில்லின்னுதான் சொல்லுவோம். வெள்ளைக் காகிதத்தைச் சுருட்டிக் கடலைப் பொட்டலம் மடிப்பாங்க பாருங்க, அப்படியே இருக்கும். நடுவுல மஞ்சளா ஒரு குச்சி. நீளத் தண்டு, இந்த என் முழங்கை வரைக்கும் வரும். இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க, அந்த வெள்ளையா தெரியறது இருக்கே, அது பூவே இல்லையாம். இலையாம். உள்ள இருக்கிற மஞ்சக் குச்சிதான் பூவாம். கல்யாணமான புதுசுல அவரு இதைச் சொன்னப்பவே எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. இலையைக் காட்டிப் பூவுன்னு ஊரை ஏமாத்துற செடி, அதை வளர்க்கிற ஆளு எப்படி இருப்பாருன்னு நினைச்சேன். நினைச்சது சரியாத்தானே போச்சு!

எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு ஓடை ஓடுது. அதோட கரையில சதுப்பா கொஞ்சம் நிலம். வேற எதுவும் வராது, காலு வச்சா கணுக்கால் வரைக்கும் உள்ள போகும். அங்கதான் அவரு லில்லி போட்டாரு. ஈஸ்டருக்கு எங்க கோயில் பீடம் பூரா அவரு பூதான். கோயமுத்தூர்லேருந்து கல்யாண மண்டபக்காரங்க வந்து கட்டுக் கட்டா எடுத்துட்டுப் போவாங்க. யாராவது பெரிய மனுசன் செத்தா பெட்டி மேல வைக்கவும் அதே பூதான். கல்யாணத்துக்கும் அதே, சாவுக்கும் அதே. என்னங்க இது அர்த்தம் கெட்ட பூவா இருக்குன்னு ஒரு தடவை கேட்டேன். "பூவுக்கு அர்த்தமெல்லாம் ஒண்ணும் கிடையாது அமலா, தண்ணி இருந்தா வரும்"ன்னாரு. அவ்வளவுதான் அவரு பேச்சு. நான் நாலு வார்த்தை பேசினா அவரு அரை வார்த்தை பேசுவாரு. அரை வார்த்தை பேசுற ஆம்பளைகிட்ட மீதி அரை வார்த்தை எங்க போகுதுன்னு ஒரு பொம்பளை யோசிக்க வேணாமா?

அந்தப் பூவைக் கத்தியால அறுக்கக் கூடாது தம்பி. அறுத்தா அடித்தண்டு அழுகி, அழுகல் கிழங்குக்குள்ள இறங்கிடும். கீழ பிடிச்சு லேசா திருகி இழுக்கணும், சொடக்குன்னு வந்துடும். ஆனா அதோட பால் இருக்கே, சேம்புச் சாதி, பட்ட இடமெல்லாம் அரிக்கும். அவரு கை எப்பவும் தடிச்சுப் போயிருக்கும். ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் உட்கார வச்சுத் தேங்காயெண்ணெய் தேய்ச்சு விடுவேன். திட்டிக்கிட்டேதான் தேய்ப்பேன். அவரு கண்ணை மூடிட்டு உட்காந்திருப்பாரு.

பூவைக் கட்டுறதுக்கு ரப்பர் போட்டா தண்டு நசுங்குதுன்னு என் ஸ்வெட்டர் நூலை எடுப்பாரு. நான் ஸ்வெட்டர் பின்னி மார்க்கெட் கடைக்குக் குடுக்கிறவ. மிச்சம் மீதி உருண்டையெல்லாம் காணாமப் போகும். ஓடைக்கரையிலேயே கட்டுவாரு, அங்கயே நூலை நறுக்கி நறுக்கிப் போடுவாரு. அந்த மண்ணைக் கிளறினா என் நூல்தான் வரும். அதுக்கும் திட்டுவேன். இப்ப அதெல்லாம் எதுக்குச் சொல்றேன்? பேச்சு எங்கேயோ போகுது. பிரிஜித்தாவுக்கு வரேன்.

பிரிஜித்தா, எங்க கோயில்ல வேதம் சொல்லிக் குடுத்த உபதேசியாரோட பொண்ணு. எனக்கு முந்தி அவளைத்தான் இவருக்குப் பேசினாங்க. ஏதோ மாமன் மச்சான் தகராறுல நின்னு போச்சு. அப்புறம் அவளை மேட்டுப்பாளையத்துல ஒரு கடைக்காரருக்குக் குடுத்தாங்க. அவ கல்யாணத்துக்குக் கையில பிடிச்சுட்டு நடந்தது யாரு பூன்னு நினைக்கறீங்க? இவரு பூ! லில்லி! அதோட விட்டாரா? ஒரு தொட்டியில கிழங்கு வச்சு, "போற இடத்துல வளர்த்துக்கோ"ன்னு குடுத்து அனுப்பியிருக்காரு. ஊரே பாத்துச்சு. இதெல்லாம் நான் வந்தப்புறம் எனக்கு மத்தவங்க சொல்லித்தான் தெரியும். 

என் கல்யாணத்துக்கு என்ன குடுத்தாரு தெரியுமா? காகித ரோஜா! வைகாசி மாசம், ஓடை வத்திக் கிடக்கு, லில்லி பூக்காதாம். இலை கூடக் காஞ்சு கிழங்கு தூங்குமாம். எல்லாம் நம்பறதுக்கு நான் ஒருத்தி. லில்லி இன்னாசி பொண்டாட்டி காகிதப் பூவோட பீடத்துக்கு நடந்தா. "எனக்கு என்ன குடுத்தீங்க?"ன்னு எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். "உனக்குத் தோட்டமே இருக்கே"ன்னுட்டுப் போயிடுவாரு. நல்லா இருக்கு இல்ல, பேச்சு?

சரி, போனது போகட்டும். ஆனி மாசம் மழையில அவரு போயிட்டாரு. நெஞ்சு வலின்னு உட்காந்தாரு, அவ்வளவுதான். அடக்கத்துக்குப் பிரிஜித்தா வந்தா. வந்தவ ஒரு மாலை கொண்டு வரல, ஒரு ஊதுபத்தி கொண்டு வரல. கூட்டத்துக்குப் பின்னாடி ஒரு யூகலிப்டஸ் மரத்தடியில நின்னு அழுதா பாருங்க, அப்படி ஒரு அழுகை. அவ புருஷன் செத்தப்ப கூட அவ்வளவு அழலன்னு என் நாத்தனாரே சொன்னா. நான் கட்டின பொண்டாட்டி, என் கண்ணுல தண்ணி வரல. எனக்கு வராதது அவளுக்கு எப்படி வந்துச்சு? சொல்லுங்க.

எனக்கு வரலன்னா எனக்குத் துக்கம் இல்லையா? கேளுங்க இதை. அடக்கம் ஆகி ஒரு வாரம்தான் இருக்கும், மழை விடல. போய்ப் பாத்தா மேடு பூரா உள்ள இறங்கி, நடுவுல தண்ணி தேங்கி நிக்குது. என் மனுசன் தண்ணிக்குள்ள கிடக்கிற மாதிரி இருந்துச்சு. தொம்மை சொல்றான், ரோட்டோரம் செம்மண்ணு கிடக்கு, அள்ளிப் போட்டுடறேன்னு. ரோட்டோரத்து மண்ணா என் வீட்டுக்காரருக்கு? நான் ரெண்டு ஆளை வச்சு எங்க ஓடைக்கரையிலேருந்து கறுப்பு மண்ணு வெட்டி, சாக்குச் சாக்கா சுமக்க வச்சேன். அவரு ஆயுசு பூரா மிதிச்ச மண்ணு. கூலிக்காரங்க ஏதோ வேரும் கட்டியுமா இருக்குன்னாங்க. இருந்தா இருக்கட்டும், போடுங்கடான்னு நானே கூட நின்னு, கையால தட்டித் தட்டி மேடு கட்டினேன். இதை எந்தப் பொண்டாட்டி செய்வா? மரத்தடியில நின்னு அழுதவளா செஞ்சா?

"எம்மேல கல்லு கில்லு வைக்காதே, மண்ணாவே விடு"ன்னு சாகறதுக்கு முந்தி எப்பவோ சொல்லியிருந்தாரு. அதனால சிமெண்ட் கூடப் போடல. ஊர்ல எல்லாரும் டைல்ஸ் பதிக்கறாங்க, கிரானைட் போடறாங்க, நான் அவரு வார்த்தைக்காக மண்ணாவே விட்டேன்.

அப்புறம் வீட்டுல எனக்கு அந்த லில்லியைப் பாக்கப் பாக்கத் தாங்கல. கிறிஸ்மஸுக்கு ஓடைக்கரை பூரா வெள்ளையா நிக்குது, பறிக்க ஆளில்ல. பின்வாசல் கதவைத் திறக்கவே பயமாயிடுச்சு. அடுத்த காட்டுக்காரரு கேரட் போடறேன்னு கேட்டாரு. எடுத்துக்கங்கன்னுட்டேன். மிஷின் விட்டு ஒரு கிழங்கு மிச்சமில்லாம வாரி எடுத்து, தண்ணி வடிய வாய்க்கால் வெட்டிட்டாரு. இன்னைக்கு எங்க வீட்டுல ஒத்த லில்லி கிடையாது. இதை நல்லா ஞாபகம் வச்சுக்கங்க தம்பி. இதுதான் முக்கியம்.

போன கல்லறைத் திருநாள். நவம்பர் மாசம் எல்லாரும் போய்ச் சுத்தம் பண்ணி, பூ வச்சு, மெழுகுவத்தி ஏத்துவோம். சாமியார் வந்து தீர்த்தம் தெளிப்பாரு. நான் கூட்டத்துக்கு முந்திப் போயிடுவேன். போறேன், அவரு தலைமாட்டுல ரெண்டு லில்லி நிக்குது! வச்சது இல்ல தம்பி, நட்டது. வேரோட. இலையெல்லாம் பச்சைப் பசேல்னு. 

என் வீட்டுல லில்லி கிடையாது. அந்த நீளத் தண்டு, அந்த வெள்ளை, அது இவரு வச்சிருந்த ரகம்தான், அடிச்சுச் சொல்வேன். ஊருல வேற யாருகிட்டயும் அது கிடையாது. அப்ப யாருகிட்ட இருக்கு? தொட்டியோட வாங்கிட்டுப் போனவகிட்டதான் இருக்கு! அவ அப்பா அம்மா கல்லறையும் அங்கதான். அவங்களைப் பாக்கற சாக்குல வந்து, என் புருஷன் தலைமாட்டுல நட்டுட்டுப் போயிருக்கா. 

மேட்டுப்பாளையம் வெயில்ல லில்லி வராதுன்னா சொல்றீங்க? என் பொண்ணு ஜெசிந்தாவும் இதையேதான் சொன்னா. வராதுதான். அவ வளர்ப்பா தம்பி. ஐஸ் வாங்கித் தொட்டியில கொட்டியாவது வளர்ப்பா. நீங்க அவளைப் பாத்ததில்ல.

அதே ஜெசிந்தா போன்ல பாத்துச் சொல்றா, இந்தப் பூவுக்கு அர்த்தம் உண்மையான அன்பாம், பரிசுத்தமாம். பாத்தீங்களா? சாமியாரைக் கேட்டேன். உயிர்ப்புக்கு அடையாளம்மா, மண்ணுக்குள்ள போனது மறுபடி வரும், அதனாலதான் ஈஸ்டருக்கு வைக்கிறோம்னாரு. இந்தச் சாமியாருக்கு யாரு சொல்லிக் குடுத்திருப்பான்னு எனக்கு அவரு மேலயும் ஒரு சந்தேகம். அவரும் மேட்டுப்பாளையத்துலதான் முன்னாடி இருந்தவரு.

அன்னைக்கே பிடுங்கி எறிஞ்சேன். தை மாசம் போனா மறுபடியும் நிக்குது. இந்தத் தடவை நாலஞ்சு! தலைமாட்டுல மட்டும் இல்ல, கால்மாட்டுலயும். எத்தனை நெஞ்சழுத்தம் இருந்தா ஒருத்தி மேட்டுப்பாளையத்துலேருந்து மலையேறி வந்து மறுபடி நடுவா? தொம்மையைப் பிடிச்சேன். "நான் யாரையும் பாக்கலம்மா"ங்கறான். எவ்வளவு வாங்கினியோன்னு கேட்டுட்டேன். அதுலேருந்து அவன் எங்கிட்டப் பேசறதில்ல.

சரி, நானே பிடிக்கறேன்னு ஒரு நாள் அங்க இருக்கிற வெள்ளைக்காரப் பெரிய துரை கல்லறைக்குப் பின்னாடி பின்னல் ஊசியோட ஒளிஞ்சு உட்காந்தேன். மத்தியானம் பூரா. ஸ்வெட்டர்ல ஒரு கை பின்னி முடிச்சேன். வந்தது யாரு தெரியுமா? காட்டெருமை! இந்தத் தடிமன். சிலுவைகளுக்கு நடுவுல மெதுவா நடந்து வந்து, அந்தக் கல்லறையில இருக்கிற ரோஜாவைத் தின்னுச்சு, இந்தக் கல்லறையில சாமந்தியைத் தின்னுச்சு, எங்க வீட்டுக்காரரு கிட்ட வந்து மோந்து பாத்துட்டு விட்டுட்டுப் போயிடுச்சு. லில்லி நாக்கு அரிக்கும்னு அதுக்குக் கூடத் தெரிஞ்சிருக்கு. நான் மூச்சு விடாம, மாதாவே மாதாவேன்னு உட்காந்திருந்தேன். சிரிக்காதீங்க. உசிரு போயிருந்தா? நல்ல வேளையா போயிருக்கும், பிரிஜித்தாவுக்கு!

விஷயம் என்னன்னா தம்பி, எங்க கல்லறைத் தோட்டத்துல இடம் இல்ல. மலைச்சரிவு, இனிமே வெட்டப் பாறைதான். அதனால புருஷன் குழியைத் திறந்து பொண்டாட்டியையும் அதுலயே வைக்கிறதுதான் வழக்கம். அவரு போனப்பவே சாமியார் என்கிட்டச் சொன்னாரு, உங்களுக்கும் இதுதான் இடம்னு. அன்னைக்கு எனக்கு அது ஒரு ஆறுதலா இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். ராத்திரி தூக்கம் வராதப்ப அதை நினைச்சுக்குவேன், எப்படியும் அங்கதானே போகப் போறோம்னு.

இப்ப? இன்னொருத்தி நட்ட பூவுக்கு அடியில போய் நான் படுக்கணுமா? சாமியார்கிட்டச் சொல்லிட்டேன், என்னை அங்க வைக்காதீங்க, எந்த மூலையில வேணா வைங்க, அங்க மட்டும் வேணாம். ஜெசிந்தா அழறா. "அப்பாவை இப்படிச் சந்தேகப்படறியே, அவரு வாயில்லாத மனுசன்மா"ங்கறா. வாயில்லாத மனுசனுக்கு எதுக்குடி தலைமாட்டுல லில்லின்னேன். நாப்பது வருஷம் தம்பி. அந்தக் கைக்கு நாப்பது வருஷம் எண்ணெய் தேய்ச்சிருக்கேன். அவரு யாரை நினைச்சுட்டு கண்ணை மூடிட்டு உட்காந்திருந்தாருன்னு எனக்குத் தெரிய வேணாமா? 

அதான் முடிவு கட்டிட்டேன். நேத்து மண்வெட்டி எடுத்துட்டுப் போய் அந்த மேடு பூராத் தோண்டி, கிழங்கையெல்லாம் எடுத்தேன். அந்தச் சாட்சிதான் இந்தப் பை. பாருங்க என் கையை, எப்படித் தடிச்சிருக்கு. ராத்திரி பூரா அரிப்பு. எண்ணெய் கிண்ணத்தை எடுத்து வச்சுட்டு உட்காந்திருந்தேன். இந்தக் கைக்கு இந்தக் கையாலயே தேய்ச்சுக்க வேண்டியிருக்கு. அப்பதான் அழுகை வந்துச்சு. அடக்கத்துக்கு வராத அழுகை, ஒரு கிண்ணம் எண்ணெய்க்கு வந்துச்சு.

இன்னைக்கு மத்தியானம் கொத்தனார் பெள்ளிராஜ் வந்து சிமெண்ட் போடறாரு. கனமா, ஒரு சாண் உசரத்துக்கு. இனிமே எவ வந்து நடுறான்னு பாக்கறேன். அவரு மண்ணாவே விடச் சொன்னாருதான். எதுக்குச் சொன்னாருன்னு இப்பல்ல புரியுது! கல்லு போட்டா அவ எங்க நடுவா? அவரு மேல சிமெண்ட், நான் வேற மூலையில. தீர்ந்துச்சு கணக்கு. அதுக்குள்ள நான் கீழ போய், இந்தக் கிழங்கை அவ முன்னாடி கொட்டி, "இது என்னடி?"ன்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடணும்.

என்ன, ஆனை நகருதா? இல்லையா. காதை மட்டும்தான் ஆட்டுது. 

அவ ஒத்துக்க மாட்டாங்கறீங்களா? ஒத்துக்காம எங்க போவா? பெரிய சாட்சியை நான் இன்னும் உங்களுக்குக் காட்டவே இல்ல. இந்தாங்க, பையைத் திறங்க. பயப்படாதீங்க, தொட்டா உடனே அரிக்காது. இந்தப் பெரிய கிழங்கைப் பாருங்க. வேருக்குள்ள என்ன சிக்கியிருக்கு? கயிறு! சுத்திச் சுத்திக் கட்டியிருக்கு. மண்ணு ஒட்டி அழுக்கா இருக்கு, ஆனா எனக்குத் தெரியாதா? மஞ்சக் கயிறு தம்பி. தாலிக் கயிறு! தன் தாலிக் கயித்தை எடுத்துக் கிழங்குல கட்டி, என் புருஷன் தலைமாட்டுல புதைச்சிருக்கா. நேத்து இதைப் பாத்ததும் அப்படியே தோண்டின குழியிலேயே உட்காந்துட்டேன். இதுவரைக்கும் ஜெசிந்தாகிட்டக் கூட இதைச் சொல்லல. எந்த வாயால சொல்றது?

நம்பலையா? மஞ்சளா தெரியலையா? அந்தத் தண்ணி பாட்டிலைக் குடுங்க. ஜன்னலுக்கு வெளிய பிடிச்சுக் கழுவிக் காட்டறேன். உங்க ரெண்டு கண்ணாலயே பாத்துக்கங்க. அப்புறம் சொல்லுங்க இந்தக் கிழவி பைத்தியமான்னு. ஊத்துங்க. இன்னும் கொஞ்சம். மண்ணு கறுப்பு மண்ணு, சீக்கிரம் போகாது. ஓடை மண்ணு இப்படித்தான் ஒட்டும்... ஊத்துங்க.

ம்.

என்ன தம்பி? ஏன் என் ஸ்வெட்டர் கையையே பாக்கறீங்க?

ஆமா, பச்சை. பச்சையாத்தான் இருக்கு. கிளிப்பச்சை. நான் போட்டிருக்கிற ஸ்வெட்டரும் அதே பச்சைதான், எனக்கென்ன கண்ணு இல்லையா? அந்த வருஷம் கடைக்காரரு இந்தக் கலரை யாரும் வாங்கலன்னு ஒரு மூட்டை என் தலையில கட்டினாரு. அவருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு பின்னினேன். மிச்ச நூலை... 

அவ எங்க வீட்டுக் குப்பையிலேருந்து பொறுக்கியிருப்பாளோ? 

சும்மா இருங்க, எனக்குத் தெரியும். தாலிக் கயிறுன்னா முறுக்கிருக்கும். இது உல்லன். கட்டினது கூட இல்ல, வேரு வளர்ந்து சுத்திட்டு வந்திருக்கு. இந்தாங்க, இந்த முனை கத்தரியால நறுக்கினது. அவரு எப்பவும் சாய்ச்சுத்தான் நறுக்குவாரு. நேரா நறுக்குங்கன்னா கேக்க மாட்டாரு.

மண்ணு நான் போட்டது.

நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நானேதான் போட்டேன். சாக்குச் சாக்கா. கூலிக்காரங்க சொன்னாங்க, கட்டி கட்டியா இருக்குன்னு. நகக்கண்ணு அளவு துண்டு இருந்தாலும் கிழங்கு முளைச்சுடும்னு எனக்குத் தெரியாதா, எத்தனை வருஷம் அவரு பக்கத்துல உட்காந்து பிரிச்சு வச்சிருக்கேன்? நான் பிடுங்கினப்ப உடைஞ்ச துண்டெல்லாம் ஒண்ணு ஒண்ணா வந்திருக்கு. தொம்மை யாரையும் பாக்கலன்னான். அவன் எப்படிப் பாப்பான், பாவி! நட்டவளே வந்து அவனை மிரட்டிட்டு நிக்கறா.

கடைசியில எனக்கும் லில்லி குடுத்துட்டாரு பாருங்க. நான் அதைப் பிடுங்கிப் பையில போட்டுட்டு, எவகிட்டயோ கொண்டு போய்க் கொட்டப் போறேன். ஆண்டவரே.

நான் அழல. பால் பட்ட கையைக் கண்ணுல வச்சுட்டேன், எரியுது. பாட்டில்ல தண்ணி இருக்கா இன்னும்? கண்ணுக்கு வேணாம், கிழங்குக்கு. மேல தெளிங்க. அந்த ஈரத் துணியைச் சுத்தி வைங்க, வேரு காத்துல காயக் கூடாது. மெதுவா தம்பி! குருத்து உடையப் போகுது. அது இருக்கிற பக்கம் மேல வரணும். 

பிரிஜித்தாவைப் பாக்கப் போறதா? பாப்பேன். பாக்காம? இவ்வளவு தூரம் வந்தாச்சு. போய் ஒரு காபி குடிச்சுட்டு வரேன். இருந்தாலும் மரத்தடியில நின்னு ஏன் அப்படி அழுதான்னு கேக்காம வரமாட்டேன். அது வேற விஷயம். அது இன்னும் தீரல.

ஆனை இறங்கிடுச்சா? நல்லது. இருங்க, வண்டி எடுக்கட்டும், அதுக்குள்ள உங்க போனைக் குடுங்க. என் போன்ல சார்ஜ் இல்ல. நம்பர் சொல்றேன், பெள்ளிராஜுக்குப் போடுங்க. நீங்களே பேசுங்க, எனக்குத் தொண்டை சரியில்ல. அமலோற்பவம்மா சொன்னாங்க, இன்னைக்கு சிமெண்ட் போட வேணாம்னு சொல்லுங்க. ஏன்னு கேட்டா மழை வருதுன்னு சொல்லுங்க.

வெயில் அடிச்சா என்ன? மழை வருதுன்னு சொல்லுங்க.

என்ன சொல்றாரு? கலவை போட்டுட்டாரா? போட்டா வேற கல்லறைக்குப் போடட்டும். நம்மது மண்ணாவே இருக்கட்டும். என்ன, அப்ப எப்ப வரணும்னு கேக்கறாரா?

நான் அங்க போய்ப் படுக்கறப்ப வந்தா போதும்னு சொல்லுங்க. அப்பவும் சிமெண்ட் வேணாம், மண்வெட்டி மட்டும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. கிழங்கு மேல வெட்டு படாம பாத்து வெட்டணும்னு சொல்லுங்க.